உரிமம் இருந்தும் பில் வரவில்லை

நம் மண்டிகளிலும் மொத்தக் கடைகளிலும் இன்று பில் போடும் இடம் ஒன்றல்ல. கல்லாவில் ஒரு கணிப்பொறி, கிட்டங்கியில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேஜையில் ஒன்று என்று மூன்று நான்கு ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மென்பொருள் வாங்குவது கட்டுப்படியாகாது. ஆகவே பலர் சேர்ந்து பயன்படுத்தும் உரிமம் ஒன்றை வாங்கி, அதை ஒரே கணிப்பொறியில் வைத்துவிட்டு, மற்றவை அதனிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறோம். உரிமத்தை வைத்திருக்கும் அந்தக் கணிப்பொறிதான் லைசென்ஸ் சர்வர். நம்மில் பலர் வைத்திருக்கும் டேலியில் 'கோல்டு' உரிமம் இந்த வகை. 'சில்வர்' ஒரு கணிப்பொறிக்கு மட்டும்.

ஒழுங்காக ஓடும்வரை இப்படி ஒன்று இருப்பதே முதலாளிக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் காலை கிட்டங்கிக் கணிப்பொறி 'உரிமம் கிடைக்கவில்லை' என்கும். அல்லது மென்பொருள் பயிற்சி முறையில் திறந்துகொள்ளும். டேலி அப்படித் திறந்தால் மாதத்தில் 1, 2 போன்ற ஒரு சில தேதிகளுக்குத்தான் பதிவு செய்யலாம். வாசலிலோ லாரி நிற்கிறது, மூட்டை ஏற்றியாகிவிட்டது. நம் மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். பில் எண் இல்லாமல் இ-வே பில் போட முடியாது. பணம் கொடுத்து வாங்கிய உரிமம் பத்தடி தூரத்தில் இருக்க, வண்டி நகராமல் நிற்கிறது.

உடனே சர்வீஸ்காரருக்குப் போன் செய்கிறோம். அவர் ஊரில் நாற்பது கடைகளைப் பார்க்கிறார், மாலையில் வருவார். அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போகிறாரே, அந்த ஐந்து நிமிட வேலையை நம் கடையில் ஒருவர் கற்றுக்கொண்டால் என்ன என்பதே எங்கள் கேள்வி. தராசில் எடை தவறினால் முதலில் படிக்கல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம்.

முதலில் பார்க்க வேண்டியது, எல்லாக் கணிப்பொறிகளும் நின்றனவா, ஒன்று மட்டும் நின்றதா என்பது. இதைக் கேட்காமல் மற்ற எதிலும் கை வைக்கக் கூடாது. எல்லாம் நின்றால் கோளாறு பெரும்பாலும் சர்வரில். ஒன்று மட்டும் என்றால் அந்த ஒன்றில், அல்லது அதற்குப் போகும் கேபிளில். கேபிள் செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். கிட்டங்கியில் எலி கடிக்காத பொருள் எது?

இன்டர்நெட் இல்லாததால்தான் இப்படி என்று மோடம் கம்பெனியோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. கடைக்குள் ஒரு கணிப்பொறி இன்னொன்றோடு பேச வெளி இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் அந்த மோடம் பெட்டியே கணிப்பொறிகளுக்கு முகவரி கொடுக்கிறது. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் பெட்டி புதிதாக முகவரி பங்கிடலாம். நேற்று 192.168.1.5 என்றிருந்த சர்வர் இன்று 192.168.1.9 ஆகிவிடும். கிட்டங்கிக் கணிப்பொறி பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் சரக்கு அனுப்பிய கதைதான். சர்வருக்கு மட்டும் மாறாத முகவரி ஒன்றை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி சர்வீஸ்காரரிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டால், இந்தத் தொல்லை ஒழியும். எங்கள் மண்டியில் அந்த எண்ணை எழுதி சர்வர் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.

முகவரி சரி, கேபிளும் சரி என்றால், நின்றுபோன கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'பிங்' என்று அடித்து, இடம் விட்டு, சர்வர் முகவரியை அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. வராவிட்டால் பாதை அடைபட்டிருக்கலாம். ஆனால் பதில் சொல்லாதபடியே சில கணிப்பொறிகளை அமைத்திருப்பார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பாதை திறந்தும் உரிமம் வரவில்லை என்றால், சர்வரில் உரிமம் வழங்கும் வேலை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். டேலிக்கு அது கேட்வே சர்வர். நின்றிருந்தால் ஓடவிட்டு, கணிப்பொறி திறக்கும்போதே தானாக ஓடும்படி வைத்துவிடலாம்.

அடுத்தது ஃபயர்வால் என்னும் காவல்காரன். உரிமம் கேட்டு வரும் குரல் ஒரு குறிப்பிட்ட வாசல் எண்ணில் நுழையும். டேலியில் வழக்கமாக அது 9999. புதிய மோடம் மாற்றினாலோ வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டாலோ, விண்டோஸ் நம் கடை வலையைப் பொது இடத்து வலை என்று எண்ணி அந்த வாசலை மூடிவிடக்கூடும். அந்த ஒரு வாசலை மட்டும் திறந்தால் போதும். காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு 'சரியாகிவிட்டது அண்ணாச்சி' என்று போகும் ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உள்ள மென்பொருள்களில், முறையாக மூடாமல் சுவிட்சை அணைத்த கணிப்பொறி, தன் இடத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய கணிப்பொறியில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போனாலும் உரிமம் மறுக்கப்படலாம். மூலையில் உள்ள தேதியை ஒரு பார்வை பார்ப்பதில் செலவொன்றும் இல்லை.

சர்வரை எங்கே வைப்பது என்பதிலும் நமக்குக் கருத்துண்டு. மகன் வீட்டுக்கு எடுத்துப்போகும் லேப்டாப்பில் உரிமத்தை வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. அவர் கல்யாணத்துக்குப் போனால் கடையில் பில் இல்லை. நகராத, யூ.பி.எஸ். இணைத்த, சும்மா இருந்தால் தூங்கிப் போகாதபடி அமைத்த ஒரு கணிப்பொறிதான் இதற்கு ஏற்றது.

இந்தத் தொல்லையில் சலித்துப்போய், 'உரிமமே வேண்டாம், உடைத்த காப்பி போட்டுத் தருகிறேன்' என்று வருபவரை நம்பும் வியாபாரிகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63-பி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தக் காப்பியோடு வரும் வைரஸ் பாக்கிக் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டால் வருவது. யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று பிறகு யாரைப் போய்க் கேட்பது?

இவ்வளவு பார்த்தும் சரியாகவில்லை என்றால், கையால் எழுதும் பில் புத்தகம் கடையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகளை அனுமதிக்கிறது; எண் 16 எழுத்துக்குள், வரிசை தவறாமல், அந்த நிதியாண்டில் திரும்ப வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே கைப் பில்லுக்குத் தனி எழுத்துடன் ஒரு வரிசை அச்சடித்து வையுங்கள். உரிமம் வந்ததும் அதே எண்ணில் கணிப்பொறியில் ஏற்றிவிடலாம். இ-இன்வாய்ஸ் வரம்பில், அதாவது ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குக் கைப் பில் மட்டும் கொடுத்துச் சரக்கு அனுப்ப முடியாது. அவர்கள் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் நேரடியாகப் பதியும் முறையைக் கணக்குப்பிள்ளைக்கு இப்போதே பழக்கி வைப்பது நல்லது.