பெரிய வண்டியிலிருந்து இறங்கிய கதை

துபாயில் நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சின்ன வண்டியை விற்று பெரிய வண்டி வாங்கினால் "ட்ரீட் எப்போ?" என்பார்கள். பெரிய வண்டியை விற்று சின்ன வண்டி வாங்கினால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆபீஸ்ல எல்லாம் சரியாத்தானே போகுது?" என்பார்கள். நான் நிஸான் பட்ரோலை விற்றுவிட்டு டொயோட்டா ஜி.ஆர். 86 வாங்கிய மாதத்தில் இந்தக் கேள்வியை ஏழெட்டு பேரிடம் கேட்டாயிற்று. ஊரிலிருந்து சித்தப்பா வேறு போன் போட்டு, "பணம் ஏதும் வேணும்னா கூச்சப்படாம சொல்லுப்பா" என்றார். பாசக்காரர். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே மொத்தமாக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ரோல் வாங்கியதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வாங்கும்போது பையனுக்கு எட்டு வயசு, பொண்ணுக்கு மூணு. குழந்தை இருக்கை, தள்ளுவண்டி, ஊரிலிருந்து வரும் அம்மா, அம்மாவோடு வரும் நாலு பெட்டி என்று அந்த வண்டி செய்யாத வேலை இல்லை. இப்போது பையன் கோயம்புத்தூரில் காலேஜில் இருக்கிறான். இங்கே நாங்கள் மூணு பேர்தான். வண்டி மாறவில்லை, வீடு மாறிவிட்டது. என் கட்சி அவ்வளவுதான்: வீடு மாறும்போது வண்டியும் மாற வேண்டும், ஊர் என்ன நினைக்கும் என்பதற்காக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பேங்க்காரன் இல்லையா, கணக்கில்லாமல் நம்ப மாட்டேன். விற்பதற்கு முன்னால் ஒரு வருஷம் டைரியில் குறித்து வைத்தேன். நாலு பேருக்கு மேல் ஏறிய நாட்கள்: 11. தார் ரோட்டை விட்டு மணலில் இறங்கிய நாட்கள்: 2. நான் மட்டும் தனியாக ஆபீஸ் போய் வந்த நாட்கள்: 230க்கு மேல். அதாவது ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒரு ஆளும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்! கம்பெனி நடத்துகிறவர் யாராவது வருஷத்தில் 11 நாள் தேவைக்காக ஒரு பெரிய குடோனை வாடகைக்கு எடுத்து 365 நாளும் வைத்திருந்தால் நாங்கள் அவருக்கு லோன் கொடுக்கவே யோசிப்போம். அந்த 11 நாளுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் முடிந்தது.

"அதெல்லாம் சரி, பவர் போயிடுச்சே?" என்று கேட்டார் ஒரு நண்பர். இங்கேதான் சுவாரசியம். பழைய வண்டியில் 5.6 லிட்டர் வி-8 இன்ஜின், 400 குதிரைத்திறன், எடை சுமார் 2.7 டன். புது வண்டியில் 2.4 லிட்டர் இன்ஜின், 230 குதிரைத்திறன் சொச்சம், எடை சுமார் 1.3 டன். ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள். பழையதில் 148, புதியதில் 177. குதிரையைக் குறைத்தும் வேகம் குறையவில்லை, ஏன் என்றால் மூட்டை பாதியாகிவிட்டது. பெட்ரோல் பழையது 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் குடித்தது, இது 10 லிட்டர். வருஷம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு 1,400 லிட்டர் மிச்சம்.

எடை என்பது என்ன என்று எனக்கு உடம்பில் உறைத்த இடம் துபாய் இல்லை. கல்லாறு.

எனக்கு சொந்த ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரம் ஏர்போர்ட்தான் எங்களுக்குப் பக்கம். லீவில் போனால் ஒரு நாள் பொன்முடிக்கு என்று எழுதி வைத்த மாதிரி. நெடுமங்காடு, விதுரா தாண்டி கல்லாறு வரும். உருண்டை உருண்டையாகக் கல் நிறைந்த ஆறு, பேரே அதனால் வந்ததுதான். மீன்முட்டி அருவிக்கு நடக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் 22 கொண்டை ஊசி வளைவுகள்.

போன லீவில் இரண்டு வண்டியில் போனோம். ஒன்று வாடகைக்கு எடுத்த ஏழு சீட்டர், இன்னொன்று தங்கமணியின் அண்ணனுடைய பழைய ஸ்விஃப்ட். கல்லாற்றில் டீ குடித்துவிட்டு நான் ஸ்விஃப்டுக்கு மாறினேன். அது ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 1.2 லிட்டர் இன்ஜின். இரண்டாவது வளைவிலேயே மச்சான் சிரித்துக்கொண்டு, "மாப்ளே, இது உங்க துபாய் வண்டி இல்ல. சும்மா திருப்புங்க, அதுவே போகும்" என்றார். போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு கூடவே திரும்புகிறது. எதிரே பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்க இடம் இருக்கிறது. (மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. ஆனால் பஸ்ஸிடம் போய் விதி பேச முடியுமா!) ஏழு சீட்டரோ ஒவ்வொரு வளைவிலும் யானை திரும்புகிற மாதிரி திரும்பியது. பின்சீட்டில் இருந்த பொண்ணுக்கு ஏழாவது வளைவில் வாந்தி.

இறங்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். நான் பி.காம்., பிசிக்ஸ் பத்தாம் வகுப்போடு சரி. பையன்தான் விளக்கினான். ஒரே வேகத்தில் போகும் இரண்டு வண்டிகளில் ஒன்று இரண்டு மடங்கு எடை என்றால், அதை நிறுத்த பிரேக் இரண்டு மடங்கு சக்தியை வெப்பமாக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. அதனால்தான் பெரிய வண்டியில் மலை இறங்குகிறவர்கள் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் போட்டு இன்ஜினை வைத்தே பிடிக்க வேண்டும் என்கிறார்கள். சின்ன வண்டிக்கும் அதே விதிதான், ஆனால் அதன் பிரேக்குக்கு வேலை பாதி.

இன்னொன்றும் அங்கே கவனித்தேன். 400 குதிரை வண்டியில் 120-ல் போனாலும் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வேகமே தெரியாது. ஸ்விஃப்டில் 40-ல் போனாலே 40 என்று கைக்கும் காலுக்கும் தெரிகிறது. ஓட்டுகிற சந்தோஷம் வேகத்தில் இல்லை, வேகம் தெரிவதில் இருக்கிறது. துபாய் திரும்பியதும் நான் ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் போனதற்குக் காரணம் இதுதான். பந்தயம் விட அல்ல.

எடை குறைவாக, இன்ஜின் அளவாக என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவை கரிவரதன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாம் ஊரில் மளிகை வாங்கப் போன அதே மாருதி 800-ன் இன்ஜினை வைத்து, ஒரு ஆள் மட்டும் உட்காரும் 'ஃபார்முலா மாருதி' பந்தய வண்டியை உருவாக்கியவர். 796 சிசிதான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், அதே கோவைக்காரர், ஆரம்பத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் கோவையில் திறந்த பந்தய மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஜப்பானில் மஸ்டா 1989-ல் கொண்டுவந்த எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் வண்டியும் இதே வழிதான். பெரிய இன்ஜின் கிடையாது, எடையை மட்டும் குறைத்தார்கள். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

இப்போது கசப்பான விஷயம். என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் நம்ம பையன்களைப் பார்த்துத்தான் இதை எழுதவே நினைத்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் ஒரு குழந்தை, ஊரில் வீட்டு லோன், தங்கைக்குக் கல்யாணம் பாக்கி. கேட்பது பெரிய எஸ்.யு.வி.க்கு லோன். இங்கே மத்திய வங்கி விதிப்படி வண்டி விலையில் 80 சதவீதம் வரைதான் கடன் தரலாம், 60 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும், எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நம்மைக் காப்பாற்றத்தான். ஆனால் நம்ம ஆள் 20 சதவீத முன்பணத்தையும் கிரெடிட் கார்டில் போடப் பார்க்கிறான்! ஏன் தம்பி என்று கேட்டால், "ஊர்ல இருந்து மாமனார் வர்றார் சார்" என்கிறான்.

2009-ல் துபாயில் வேலை போனவர்கள் காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போன செய்திகள் உலகம் முழுக்க வந்தன. 2020-ல் கொரோனா வந்தபோது சம்பளம் பாதியான வீடுகளை நாம் எல்லோரும் பார்த்தோம். தவணை மட்டும் பாதியாகவில்லை. கடன் பாக்கி நின்றால் வழக்கு, பயணத் தடை என்று போகும் ஊர் இது. அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வரும் அன்று விமானம் ஏற முடியாமல் நிற்கிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த வண்டி நம்மோடு ஊருக்கு வரப்போவதும் இல்லை. இங்கே ஓடுவது இடப்பக்க ஸ்டியரிங், இந்தியாவில் அதை இறக்குமதி செய்ய விட மாட்டார்கள். ஊரில் புதுசு வாங்கினாலும், 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய எஸ்.யு.வி.க்கு 40 சதவீதம். அரசாங்கமே எது ஆடம்பரம் என்று பிரித்து வைத்திருக்கிறது.

"பெரிய வண்டிதான் பாதுகாப்பு" என்பது தங்கமணியின் வாதம். இதில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வண்டி மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. ஆனால் வெளியே நிற்கிறவர்? அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகம் உள்ள வண்டியைவிட பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். காலையில் நம் பிள்ளைகளின் ஸ்கூல் வாசலை நினைத்துப் பாருங்கள். வரிசையாக எஸ்.யு.வி.கள், நடுவே முதுகுப்பையோடு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தையின் தலைகூடத் தெரியாது. நம் பிள்ளை வண்டிக்குள் இருக்கும் பத்து நிமிஷத்தை மட்டும் பாதுகாப்பு என்று சொல்கிறோம். வண்டியை விட்டு இறங்கி நடக்கும் நேரமும் அதே பிள்ளைதானே?

2023-ல் உலகத்தில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்.யு.வி. என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2024-ல் பாரிஸ் மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி, வெளியூர் கனரகக் கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். துபாயில் அப்படி வருமா தெரியாது. வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

உடனே எல்லோரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. யாருக்கு இது ஆகாது என்றும் சொல்லிவிடுகிறேன்:

1. குழந்தை இருக்கை தேவைப்படும் வயசில் பிள்ளை இருந்தால் வேண்டாம். இரண்டு கதவு வண்டியின் பின்சீட்டில் அதைப் பொருத்திக் கழற்றுவதற்குள் இடுப்பு போய்விடும்.

2. மூட்டுவலி உள்ள அப்பா அம்மா கூடவே இருந்தால் வேண்டாம். அம்மா வந்தபோது ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். "கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்குடா" என்றார். அவர் இருந்த மாதம் முழுக்க வாடகைக்கு ஒரு சாதாரண கார் எடுத்துக்கொண்டோம்.

3. மிச்சம் பிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வேண்டாம். இன்சூரன்ஸும் டயரும் சாதாரண காரைவிடக் கூடுதல். பேசாமல் ஒரு கொரோலா வாங்குங்கள், ஆயுசுக்கும் ஓடும்.

4. கை துறுதுறுவென்று இருக்கும் இருபது வயசுப் பையனிடம் சாவி போகும் வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

இந்த நாலும் இல்லாதவர்கள், அதாவது பிள்ளைகள் வளர்ந்து, நாற்பதைத் தாண்டி, இன்னும் பெரிய வண்டியில் தனி ஆளாக ஆபீஸ் போகிறவர்கள், ஒரு வருஷம் டைரியில் குறித்துப் பாருங்கள். ஏழு சீட்டில் எத்தனை நாள் எத்தனை பேர் என்று. கணக்கு உங்களுக்கே பேசும். பெரிய வண்டிதான் தேவை என்று கணக்கு சொன்னால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்று சொல்லி, மாமனாருக்காக வேறொன்று செய்யாதீர்கள். மாமனார் பதினைந்து நாளில் ஊருக்குப் போய்விடுவார், தவணை அறுபது மாதம் இருக்கும்.

பி.கு.: சித்தப்பாவுக்கு, பணம் ஏதும் வேண்டாம். வேலை பத்திரமாக இருக்கிறது :-)