மிரளும் இளங்குதிரையைப் பழக்குதல்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருவது யாவரும் அறிந்ததே. கத்தியவார், மார்வார் ஜாதிக் குதிரைகளை அங்கே காணலாம். வாங்குவோர் நிறம் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், எல்லாவற்றிற்கும் மேலாகச் சுழி பார்ப்பார்கள். குதிரை மனிதர் கையை நம்புகிறதா, கயிற்றுக்கு இணங்குகிறதா என்று பார்ப்பவர் சிலரே. இரண்டு மூன்று வயதுக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாட்களிலேயே சேணம் கட்டி ஏறிவிடத் துணிபவரும் உண்டு. அது மிரண்டு ஆளைத் தள்ளினால் சாட்டை வெளிவருகிறது. சாட்டைக்கும் அடங்காவிடில் சுழி பொல்லாதது என்று சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதனால் பணம் நஷ்டமாகிறது. சில சமயம் ஆளின் கை காலும் முறிகிறது. நல்ல குதிரையொன்றும் கெட்டுப்போகிறது. குற்றம் சுழியிலன்று, பழக்கும் முறையிலேயே உள்ளது.

குதிரையின் இயல்பை முதலில் அறிதல் அவசியம். அது புல் மேய்ந்து மந்தையாக வாழும் பிராணி. கொடிய விலங்குகளிடமிருந்து ஓடித் தப்புவதே அதன் காப்பு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் உள்ளதைக் காண்கிறது. ஆயினும் வாலுக்கு நேர் பின்னும், நெற்றிக்கு முன்னே மிக அருகிலும் உள்ளது அதற்குத் தெரியாது. செவிகளோ ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பி, சிறு ஓசையையும் பற்றிக்கொள்ளும். ஆகையால் காற்றில் பறக்கும் ஒரு சாக்கைக் கண்டு இளங்குதிரை துள்ளுவது முரட்டுத்தனமன்று. உயிரைக் காக்க எழும் அச்சமேயாகும்.

அஞ்சுகிற பிராணியை அடித்தால் அச்சம் நீங்காது. அச்சத்தோடு வலியும் சேர்ந்துகொள்ளும். சாக்கைக் கண்டபோதெல்லாம் சாட்டை விழுமானால், சாக்கு உண்மையிலேயே துன்பம் தருவது என்று குதிரை முடிவு செய்கிறது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க தேசத்துப் படைத்தலைவர் ஜெனபோன், குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். குதிரையிடம் கோபத்தோடு நெருங்கலாகாது என்பதும், அது அஞ்சும் பொருளின் அருகே மெதுவாகக் கொண்டுபோய் அதனால் தீங்கில்லை என்று காட்ட வேண்டும் என்பதும் அவர் கருத்து. பிராணிகள் கற்கும் விதத்தை ஆராய்ந்த இக்காலத்து அறிவும் இதையே உறுதிப்படுத்துகிறது.

ஏறுவதற்கு முன், ஆள் தரையில் நின்றபடியே குதிரைக்கு அளிக்கும் பழக்கத்தைத் தரைப்பயிற்சி எனலாம். இதற்கு வேண்டியவை உறுதியான தலைக்கயிறு, பன்னிரண்டு அடி நீளமுள்ள பிடிகயிறு, வேலியிட்ட சிறு இடம், பொறுமையுள்ள ஓர் ஆள் ஆகியவையே. ஆள் அடிக்கடி மாறலாகாது. தொடங்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு கண், பல், குளம்பு, முதுகு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கண்ணில் பழுதுள்ள குதிரையும், முதுகில் வலியுள்ள குதிரையும் மிரள்வதற்குப் பயிற்சி மருந்தாகாது.

முதற்பாடம் நெருங்குதல். நேர் முன்னிருந்தோ பின்னிருந்தோ செல்லாமல், தோள்பட்டையை நோக்கிச் சாய்வாகவும், குரல் கொடுத்துக்கொண்டும் செல்ல வேண்டும். குதிரை தலையை உயர்த்தி, மூக்கை விரித்து, கண்ணின் வெண்மை தெரிய நிற்குமானால் அங்கேயே நின்றுவிட வேண்டும். தலை தாழ்ந்து, மூச்சு நீண்டு, உடல் தளர்ந்தபின் ஓரடி முன்செல்லலாம். அல்லது பின்வாங்கி அதற்கு இளைப்பாறுதல் தரலாம். பிறகு தோள், கழுத்து, முதுகு, கால் என்ற முறையில் தடவிப் பழக்க வேண்டும். இடப்பக்கம் கற்றதை வலப்பக்கமும் தனியே கற்பித்தல் வேண்டும். ஒரு பக்கம் அமைதியாக நிற்கும் குதிரை மறுபக்கம் அதே பொருளுக்கு மிரள்வதுண்டு.

இரண்டாம் பாடம் கயிற்றுக்கு இணங்குதல். கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்து, குதிரை ஓரடி எடுத்து வைத்த அந்தக் கணத்திலேயே தளர்த்திவிட வேண்டும். இழுப்பு அதற்குக் கேள்வி, தளர்வே விடை. தளர்த்தக் காலந்தாழ்த்தினால் தான் செய்தது சரியென்று குதிரை அறியாது. நடத்தல், நிற்றல், பின்செல்லுதல், பின்பாகத்தை விலக்குதல் ஆகிய நான்கும் நன்கு படிந்தால், பின்னர் ஏறுவோனுக்குப் பாதி வேலை முடிந்ததாகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது பேராபத்து. மடித்தே பிடிக்க வேண்டும்.

மூன்றாம் பாடம் அச்சந்தரும் பொருள்கள். சாக்கு, குடை, மோட்டார் வாகனத்தின் ஓசை, மேளம் ஆகியவற்றைத் தொலைவில் தொடங்கி நாளடைவில் அருகே கொண்டுவர வேண்டும். குதிரை அமைதியாக நிற்கும்போதே பொருளை விலக்குவது முறை. கட்டிப்போட்டு ஒரேயடியாகப் பழக்குவோர் உண்டு; அவ்விதம் அசையாமல் நிற்பது துணிவன்று, தப்ப வழியற்ற மயக்கமே. நாளொன்றுக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிஷம் போதும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவதை இளங்குதிரைக்கு மிகக் குறைவாகவே கொள்ள வேண்டும். இன்றேல் கால்களின் மூட்டுகள் கெடும்.

இத்தனை தாமதத்திற்கு அவகாசமில்லை என்றும், முன்னோர் அடித்தே பழக்கினார்கள் என்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். அடித்துப் பழக்கியவற்றில் தேறிய குதிரைகளே நினைவில் நிற்கின்றன. கெட்டவை விற்கப்பட்டு மறைந்தன. மேலும் குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்து ஆறு ஆண்டுகள் செல்லும். முழுப் பாரத்தை ஏற்றலாகாத அந்தக் காலத்தைத் தரைப்பயிற்சிக்குச் செலவிடுவதில் நஷ்டம் ஏதுமில்லை.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டங்களும் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரைகள் குறையவே, அவற்றைப் பழக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. ஆகையால் எஞ்சியுள்ள அனுபவசாலிகளிடம் தம் பிள்ளைகளை அனுப்பி இக்கலையைக் கற்கச் செய்வது நிலமுடையோர் கடமையாகும்.

கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிராணிகளை அடித்துத் துன்புறுத்துவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு விதிகள் விலக்குகின்றன. ஆயினும் தண்டனையைவிட அறிவுரையே பயன் தரும். சந்தை கூடும் நாட்களில் நன்கு பழகிய குதிரை ஒன்றைக் கொண்டுவந்து, அது கயிற்றுக்கு இணங்குவதை வாங்குவோர் முன் காட்டச் செய்தால், நூறு எச்சரிக்கைகள் செய்யாததை அது செய்யும். அதைக் கண்டு திரும்புவோர், அடுத்த ஆண்டு சுழியைப் பார்க்குமுன் கயிற்றை ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள்.