கிணற்றின் கட்சி

சுற்றுச்சூழலை அரசு காப்பாற்றுமா, சந்தை காப்பாற்றுமா என்று வாதம் நடத்துகிற நண்பர்கள், திண்டுக்கல் பக்கம் வந்து தோல் ஷாப்புகளை அடுத்த ஒரு கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த பிறகு பேசுவது நல்லது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1973-ல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கு வரம்பு கட்டி, முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கம் தந்தது. அன்னியச் செலாவணி வேண்டியிருந்தது. முடித்த தோலுக்குக் குரோமியம்தான் வேகம். ஆக, இந்தச் சமவெளிக்குக் குரோமியம் வந்து சேர்ந்ததில் சந்தைக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும் பங்குண்டு. அரசு என்றாலே காவல்காரன் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு இடம்பெறுகிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. சட்டம் வந்து 22 வருஷம் கழித்து இந்தக் கணக்கு! வழக்குப் போட்டதும் வாரியம் அல்ல, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம்.

மாசுபடுத்தியவனே பணம் தரவேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நம் சட்டத்தின் பகுதியாக்கியது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களில் ஷாப்புக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே தொகை. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது லைசென்ஸ் கட்டணமாகத்தான் படுகிறது. நஷ்ட ஈட்டையும் நிலத்தை மீட்கும் செலவையும் தனியே வசூலிக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாலாற்றுத் தோல் கழிவைப் பற்றி 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

'பார்த்தீர்களா, அரசு தோற்றது' என்று சந்தைக்காரர்கள் துள்ளுவார்கள். இவர்கள் கையில் ரொனால்ட் கோஸின் 1960-ஆம் வருஷக் கட்டுரை இருக்கும். உரிமை யாருடையது என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் இல்லையென்றால், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பது தர்க்கம். செலவில்லாத பேரம் உலகத்தில் இல்லை என்று சொன்னவரும் கோஸ்தான். சீடர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 350 கிணற்றுக்காரர்கள் எந்த ஷாப்போடு பேரம் பேசுவது? நிலத்தடியில் வரும் உப்பு கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருவதில்லை.

இன்னொரு அத்தாட்சியும் காட்டுவார்கள். தோலில் பென்டாகுளோரோஃபீனால் கூடாது என்று 1989-லும், சில அசோ சாயங்கள் கூடாது என்று 1994-லும் ஜெர்மனி தடுத்தது. நம் ஷாப்புகள் ரசாயனத்தை மாற்றிக்கொண்டன. வாங்குபவன் கேட்டால் விற்பவன் திருந்துவான் என்பது வாதம். முதலாவது, அது ஜெர்மன் அரசு போட்ட தடை. இரண்டாவது, அது காப்பாற்றியது ஜெர்மன்காரன் காலை. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு செருப்போடு கப்பலேறுவதில்லை. அது இங்கேயே கிணற்றில் தங்கிவிடுகிறது. அதை எந்த வாங்குபவன் கேட்பான்?

பொருளாதாரம் இதைப் 'புறவிளைவு' என்கிறது. எதற்குப் புறம்? பேரேட்டுக்குப் புறம். ஷாப்புக்குக் கடன் கொடுக்கும்போது இயந்திரம், சரக்கு, கட்டடம் எல்லாம் ஏட்டில் ஏறும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஏறாது. தண்ணீர் சுமக்கிறவளுக்கோ அது புறம் அல்ல, குடத்துக்குள் இருக்கிறது. சொல்லைப் பரிசோதிப்பது விமர்சகன் வேலை என்றால், இந்தச் சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஷாப்பை மூடினால் தொழிலாளி என்ன செய்வான் என்பது நியாயமான கேள்வி. சுண்ணாம்புக் குழியில் நிற்கிற அவனும் இதே ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவன்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சாதாரண முறையில் கரைந்த உப்பு போகாது, போக்கச் செலவாகும். அந்தச் செலவு தோலின் விலையில் ஏற வேண்டும். தானாக ஏற்றுகிற வியாபாரி பக்கத்துக் கடைக்காரனிடம் தோற்பான். எல்லோர் மீதும் ஒரே நாளில் ஏற்ற சட்டத்தால்தான் முடியும்.

ஆகவே நான் சட்டத்தின் பக்கம். அது யோக்கியமானது என்பதால் அல்ல. சட்டம் தூங்கினால் அதன்மேல் வழக்குப் போடலாம். சந்தையின் மேல் யார் வழக்குப் போட முடியும்? ஆனால் சட்டத்தை அதிகாரியிடம் மட்டும் விட்டால் 350 கிணறு போகும். கிணற்றுத் தண்ணீரின் அளவீடு மாதாமாதம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஷாப்பின் அனுமதியைப் புதுப்பிக்கும்போது கிணற்றுக்காரனைக் கேட்க வேண்டும். இதற்கு அரசும் சம்மதிக்காது, சந்தையும் சம்மதிக்காது என்பதே இது சரியான கோரிக்கை என்பதற்கு எனக்குப் போதுமான சாட்சி.