ஐர்லாந்தும் ஆரணியும்

ஆரணி என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். அந்தச் சீமைக்கு வேறொரு பெருமையும் உண்டு. கோடை பிறந்தால், சுற்றுப்புறக் கிராமங்களில் திரௌபதி அம்மன் சந்நிதியில் பாரதக் கூத்து நடைபெறும். கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்த துரியோதன மகாராஜா, முகவீணையும் மிருதங்கமும் முழங்க, விடிய விடிய ஆடிப் பாடுவார். படித்தவர்களில் பலருக்கோ அது வெறும் பட்டிக்காட்டுக் கூத்து!

ஐர்லாந்திலும் சொந்தக் கலையை இளப்பமாய் எண்ணிய காலம் உண்டு. 1893-ல் டக்ளஸ் ஹைட் முதலியோர் கெய்லிக் சங்கம் கண்டார்கள். ஊர்தோறும் வகுப்பு வைத்துத் தாய்மொழியைக் கற்பித்தார்கள். பாட்டும் நடனமும் கூடவே தழைத்தன. அந்த ஹைட்டே 1938-ல் நாட்டின் முதல் ஜனாதிபதியானார். சங்கீதத்துக்கென்றே 1951-ல் தோன்றிய மற்றொரு சங்கம் இன்றும் வகுப்புகளும் கச்சேரிகளும் நடத்தி வருகிறது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையார் கூத்தைப் பேணி வந்திருக்கிறார்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் 1990-ல் நடிகர்களைத் திரட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார். 2002-ல் காஞ்சிபுரத்தருகே குருகுலமும் எழுந்தது. பள்ளிப் பாடத்தோடு கூத்தும் பயின்ற பிள்ளைகளில் பெண் குழந்தைகளும் இருந்தார்கள். ஆண்களே ஸ்திரீ வேஷம் கட்டிவந்த அரங்கில் இது பெரிய புரட்சி அல்லவா? அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

கூத்தைப் புத்தகத்தில் காப்பாற்ற முடியாது. அது ஆசிரியரின் தொண்டையிலும் காலிலும் இருப்பது. அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும். நூறு தறிகள் ஓடும் ஊரில், வாரம் இரண்டு மாலை வகுப்பு நடத்த ஒரு கூடம் அகப்படாதா?