முதலில் யாரை அழைப்பது?

பொங்கல் விழாவுக்கு இன்னும் இரண்டு திங்களே இருக்கின்றன. கோலப் போட்டி, பட்டிமன்றம், குழந்தைகளின் குறள் ஒப்புவித்தல் ஆகியவற்றைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தில் கூடிப் பேசியபோது, எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டன. ஆனால் சிறுவர் கால்பந்துப் போட்டி என்ற சொல் எழுந்ததும் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. காப்பி ஆறியது. மணி ஒன்பதாயிற்று. விவாதம் முடியவில்லை. ஆகவே இத்திங்கள் அதையே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: நான்கு தலைவர்கள் முறை வைத்துத் தங்கள் குழுவுக்கு ஆட்களை அழைக்கும்போது, முதலில் எந்த இடத்து ஆட்டக்காரனை அழைப்பது? கோல் போடுகிறவனையா, நடுவில் நின்று பந்தை வழங்குகிறவனையா, பின்னால் நின்று தடுக்கிறவனையா, கோலைக் காக்கிறவனையா?

இதில் என்ன பெரிய சிக்கல் என்று கேட்பீர்கள். எனக்கு இதில் ஒரு கடன் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் கட்சி பிரிக்கும் வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உத்தி பிரித்தல் என்போம். ஏறத்தாழச் சமபலம் உள்ள இருவர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு தொலைவில் போய் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “சிங்கம் வேண்டுமா, புலி வேண்டுமா?” என்று கேட்பார்கள். தலைவன் ஒன்றைச் சொல்வான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம் போவான். சமமானவர்களே சோடி சேர்வதால் இரண்டு கட்சியும் சமமாக அமையும். தலைவனுக்கு யார் வருவார் என்று தெரியாததால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எவனும் “எஞ்சியவன்” ஆகமாட்டான். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மேல்நாட்டில் இதற்கு வேறு வழி கண்டார்கள். அமெரிக்கர் ஆடும் கால்பந்து நம் கால்பந்து அன்று; கையில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். அங்கே செல்வம் மிகுந்த குழுக்களே நல்ல ஆட்டக்காரரையெல்லாம் கவர்ந்துகொள்ள, நலிந்த குழுக்கள் மேலும் நலிந்தன. பிலடெல்பியா குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் என்பவர், கடைசியில் நின்ற குழுவே மறு ஆண்டு முதலில் ஆள் தேர்ந்தெடுக்கட்டும் என்று யோசனை கூறினார். 1936-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முறையாக அவ்வாறு தேர்வு நடந்தது. முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தத் தொழில்முறைப் போட்டியில் ஒருநாளும் ஆடவில்லை! அதே முறையில் 2000-ஆம் ஆண்டு 199-ஆவது ஆளாக அழைக்கப்பட்ட டாம் பிரேடி பின்னாளில் அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் என்று பெயர் பெற்றார். முதலில் அழைக்கப்படுவதும் கடைசியில் அழைக்கப்படுவதும் ஒருவனுடைய விதியை எழுதிவிடுவதில்லை என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

நம் நாட்டிலும் இந்தியன் சூப்பர் லீக்கில் இம்முறை கையாளப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் பம்பாயில் நடந்த தேர்வில், புதிதாகச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் குழு முதல் ஆளாக அழைத்தது கேரளத்தைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகாவை. அவர் கோல் போடுகிறவர் அல்லர், தடுப்பவர். அவருக்குக் குறிக்கப்பட்ட தொகை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். கோல் காவலர் சுப்ரதா பாலையும் அதே குழு எடுத்துக்கொண்டது. காவலை முதலில் கட்டிக்கொண்டு வீடு கட்டத் தொடங்கினார்கள் எனலாம்.

இதைக் கூட்டத்தில் நான் சொன்னதும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சனத்நகர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற நம் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“தம்பி, அந்தக் குழு அந்த ஆண்டு என்ன ஆயிற்று? அதையும் சொல்லும்” என்றார்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. 18 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல் 18, போட்டவை 16. பத்துக் குழுக்களில் ஐந்தாம் இடம். முதல் நான்கு குழுக்களே அரையிறுதிக்குப் போகும் என்பதால், ஓர் இடத்தில் வாய்ப்பை இழந்தார்கள்.

“பார்த்தீரா? கதவை எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும், வெளியே போய்ச் சம்பாதிக்க ஆள் இல்லாத வீடு வாழுமா?” என்று கேட்டார் அண்ணாச்சி. கூட்டத்தில் பாதிப்பேர் கை தட்டினர்.

ஆனால் வங்கியில் பணிபுரியும் நம் சகோதரி ஒருவர் விடவில்லை. “அண்ணாச்சி, அதே ஆண்டு கோப்பையை வென்றது யார்? நம் சென்னைக் குழு அல்லவா? பெங்களூரிலேயே போய் பெங்களூர்க் குழுவை 3-2 என்று வென்றார்களே, அந்த மூன்றில் இரண்டைத் தலையால் முட்டிப் போட்டவர் மெயில்சன் ஆல்வஸ். அவர் தடுப்பாட்டக்காரர்தாமே?” என்றார். இப்போது மறு பாதி கை தட்டியது.

நேயர்களே, இருவர் கூறியதும் உண்மை. உண்மை இரண்டு பக்கமும் இருக்கும்போது கேள்வியில்தான் ஏதோ கோணல் இருக்கிறது என்று பொருள். “எந்த இடம் பெரிது?” என்று நாம் கேட்டோம். கேட்க வேண்டியது அதுவன்று.

எர்ரகட்டா ரைத்து பஜாருக்குக் காலையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாம்பாருக்கு எது முதன்மை? பருப்புத்தான். ஆனால் பையை எடுத்துக்கொண்டு போனதும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் எதைத் தேடுகிறார்கள்? சின்ன வெங்காயத்தை! இந்த ஊரில் அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. சிறிது தாமதித்தால் தீர்ந்துவிடும். பருப்பைப் பகல் பன்னிரண்டு மணிக்கும் வாங்கலாம். ஆகவே முதலில் வாங்க வேண்டியது எது பெரிதோ அதுவன்று. எது போனால் அதற்கு ஈடு கிடைக்காதோ அது. களத்தில் கோல் போடத் தெரிந்த பையன்கள் பத்துப்பேர் இருந்து, பத்தாமவனும் முதல்வனுக்கு அதிகம் இளைத்தவனல்லன் என்றால், அவசரப்பட வேண்டியதில்லை. கோலில் நிற்கத் தெரிந்தவன் ஒருவனே இருந்தால் அவனை விட்டுவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை.

ஜாம்ஷெட்பூர்க்காரர்களின் கணக்கும் இதை ஒட்டியதே என்று எண்ணுகிறேன். அக்காலத்தில் ஒரு குழு ஐந்து அயல்நாட்டாரைக் களத்தில் இறக்கலாம். கோல் போடுகிறவரை அயல்நாட்டிலிருந்து அழைத்து வரலாம். உள்நாட்டில் நல்ல தடுப்பாளர் அருமை. கணக்கு சரி, விளைவு முழுதும் சரியாகவில்லை. சின்ன வெங்காயம் வாங்கியவர் பருப்பு வாங்கவும் மறக்கலாகாது அல்லவா?

இந்நகரத்தின் கதையையும் சற்றுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் கோவாவில் ஐதராபாத் குழு கேரளக் குழுவை வென்று கோப்பை பெற்றது. அவ்வாண்டு 18 கோல் போட்டு அவர்களை உயர்த்தியவர் ஓக்பெச்சே. இறுதியாட்டத்தில் தோற்கும் தறுவாயில் 88-ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர் மாற்று ஆளாக வந்த நடுவரிசைக்காரர் சாகில் தவோரா. முடிவில் பெனால்டி உதைகளில் மூன்றைத் தடுத்துக் கோப்பையைக் கையில் தந்தவர் கோல் காவலர் லட்சுமிகாந்த் கட்டிமணி. இம்மூவரில் யாரை விடுவது? அந்தக் குழுவும் 2025-இல் நம்மைப் போலவே ஊர் பெயர்ந்து டில்லிக்குப் போய்விட்டது, பெயரும் மாறிவிட்டது. கோப்பை வென்ற நினைவு மட்டும் நகரத்தில் தங்கிற்று.

இன்னும் பின்னே போனால், இந்த ஊரின் ஆசான் சையத் அப்துல் ரஹீம் நினைவுக்கு வருகிறார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. தடுப்பாட்டத்தில் மலைபோல் நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று தடுக்க இயலாது. வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! அரையிறுதியிலும் கோல் போட்டார் ஜர்னைல். தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்திலும் ஒன்று போட்டார். மற்றொன்றைப் போட்டவர் பி. கே. பானர்ஜி. அவர் கிழக்கு ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதில், ரயில்வேக் குமாஸ்தாவாகிய எனக்கு ஒரு தனிப் பெருமை. அந்த இறுதியாட்டத்தில் கோலில் நின்றவர் யார் தெரியுமா? பீட்டர் தங்கராஜ். 1935-இல் இதே ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்தராபாத்தின் சிறு குழுக்களில் முன்வரிசையில் ஆடத் தொடங்கிய அவர், பின்னர்ப் பட்டாளத்தில் சேர்ந்து கோலுக்கு மாறினார். வெல்லிங்டனின் மதராஸ் படைமையக் குழு டியூரண்டு கோப்பை வென்ற காலத்தின் காவலர் அவர். 1967-இல் அர்ஜுனா விருதும் பெற்றார்.

ஆக, கோல் போட வந்தவர் காவலரானார். காவல் நின்றவர் கோல் போட்டார். நாம் இடத்தைப் பார்த்து ஆளைத் தேடுகிறோம். ரஹீம் ஆளைப் பார்த்து இடத்தைக் கண்டார்.

இப்போது என் கடனுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு 32 குழந்தைகள் பெயர் கொடுத்தார்கள். நான்கு தலைவர்கள். அழைக்கும் முறையை எழுதியவன் நான். முதல்வன், இரண்டாமவன், மூன்றாமவன், நான்காமவன். மீண்டும் முதல்வன் என்று ஒரே வரிசையாக எழுதிவிட்டேன். இரண்டு சுற்றுக்குக் கூட்டிப் பாருங்கள்: முதல்வனுக்குக் கிடைப்பது 1-ஆம், 5-ஆம் ஆட்கள், நான்காமவனுக்கு 4-ஆம், 8-ஆம் ஆட்கள். சுற்றுக்குச் சுற்று வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். போன வழியே திரும்பி வரும்படி, அதாவது இரண்டாம் சுற்றில் நான்காமவன் முதலில் அழைக்கும்படி எழுதியிருந்தால் ஒன்றும் எட்டும் ஒன்பது, இரண்டும் ஏழும் ஒன்பது, மூன்றும் ஆறும் ஒன்பது, நான்கும் ஐந்தும் ஒன்பது என்று எல்லாம் சமமாகியிருக்கும். நாள்தோறும் கணக்கு எழுதும் எனக்கு அது தோன்றவில்லை.

அந்த நான்காம் தலைவனிடம் கடைசியாக எஞ்சியவன், வேலூரிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு சிறுவன். தெலுங்கு தெரியாது, பள்ளியில் தோழர் இல்லை, நம் சங்கத்திலும் யாரையும் அறியான். 31 பெயர்கள் அழைக்கப்படும் வரை வெயிலில் தனியே நின்றான். “சரி, நீ கோலில் நில்” என்றான் தலைவன். ஐந்து முறை பந்து அவனைக் கடந்து போயிற்று. ஆறாவது முறை அவனைத் திட்டினார்கள். அந்தத் தலைவன் என் மகன்.

அதன்பின் அச்சிறுவன் மைதானத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் வரவில்லை. பத்துத் திங்களாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரைவிட்டு வந்தவர்கள் தனிமைப்படக் கூடாது என்பதற்காகவே சங்கம் வைத்தோம். அந்தச் சங்கத்திலேயே ஒரு பிள்ளையை எஞ்ச வைத்துவிட்டோம்.

எங்கள் ரயிலில் வண்டியை இழுப்பது எஞ்சின்தான். ஆனால் கார்டு இருக்கும் கடைசிப் பெட்டி கடந்து போனதைக் கண்ணால் கண்ட பிறகே, வண்டி முழுமையாக வந்தது என்று நிலையத்தார் ஒப்புவது நெடுநாள் வழக்கம். 2022 முதல் அவரை ரயில் மேலாளர் என்கிறார்கள். கடைசிப் பெட்டி என்பதனால் அது கழித்த பெட்டியன்று.

ஆகவே என் யோசனையைக் கூட்டத்தில் வைத்தேன். இவ்வாண்டு நான்கு ஞாயிறுகளில் எல்லாக் குழந்தைகளும் முறை வைத்துக் கோலில் நின்று பழகட்டும். விரும்புகிறவர் பெயர் கொடுக்கட்டும். தேர்வின் முதற்சுற்றில் நான்கு தலைவரும் கோல் காவலரையே அழைக்க வேண்டும். அதன்பின் போன வழியே திரும்பி வரும் வரிசை. கடைசி எட்டுக் குழந்தைகளைத் தலைவர்கள் அழைக்க வேண்டாம். நம் பழைய உத்தி முறையில் சிங்கம், புலி என்று வந்து சேரட்டும்.

அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “கோல் போடுகிறவனே பெரியவன் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்கு நான் ஒப்புகிறேன்” என்றார். அவர் ஒப்பியதும் மற்றவரும் ஒப்பினர்.

மறுநாள் மாலை மகனையும் அழைத்துக்கொண்டு அச்சிறுவன் வீட்டுக்குப் போனேன். என் மகன் தலைகுனிந்து சொல்ல வேண்டியதைச் சொன்னான். அந்தப் பையனுடைய அம்மா மோர் கொடுத்தார். பையன் நெடுநேரம் கழித்து, “மாமா, இந்தத் தடவை நான் கோலில்தான் நிற்க வேண்டுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம் தம்பி. உனக்கு எங்கே ஆட விருப்பமோ, அங்கே பழகிப் பார்” என்றேன்.

“பார்க்கலாம்” என்றான். வருவதாகச் சொல்லவில்லை.

முதல் பயிற்சி வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு. குழந்தைகளின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். புதிதாகக் குடிவந்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், அந்தப் பிள்ளையையும் கையோடு அழைத்து வாருங்கள். கோல் போடுகிறவனே பெரியவன் என்று கருதுகிறவர்கள் எனக்குக் கடிதம் எழுதலாம். அடுத்த திங்கள் அவற்றுக்கு இடம் உண்டு.