யாருக்காக இந்தப் பரிசோதனை?

வளைகுடா நாடுகளில் வேலை தேடிச் செல்லும் நம் இளைஞர்கள், விமானம் ஏறுமுன் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுகின்றனர். மார்புப் படத்தில் என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பு தென்பட்டாலே, ‘தகுதியற்றவர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்கள் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. பயணத்துக்காக வாங்கிய கடன் என்னவாகும், அடுத்து எந்த மருத்துவரிடம் செல்வார் என்று கேட்பார் எவருமில்லை. இவ்வேதனையை அறிந்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு.

அதே அளவுகோலை இன்று நாம் கையில் எடுத்திருக்கிறோம். பின்னலாடை ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைக்க ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வருவோரைச் சுட்டி, “நோயைக் கொண்டுவருகிறார்கள், எல்லாரையும் சோதிக்க வேண்டும்” என்னும் பேச்சு கோயில் வாசலிலேயே எழுகிறது. பரிசோதனை தேவை என்பதில் நமக்கு மறுப்பில்லை. யாருக்காக என்பதே வினா. நம்மைக் காத்துக்கொள்ளவா, அவர்களைக் காக்கவா?

காசநோய்க் கிருமி இந்நாட்டில் ஊர் வேறுபாடின்றிப் பலர் உடலில் உறங்கிக் கிடக்கிறது. அரைவயிற்று உணவும் காற்றோட்டமற்ற அறையும் அதற்கு இடம் கொடுக்கின்றன. பத்துப் பேரை ஓர் அறையில் அடைத்து வாடகை வாங்குவோர் யார்? நம்மவர் அல்லரோ? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வொன்றில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் வழங்கியபோது, அவர்களுள் புதிதாக நோயுறுவோர் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தனர்.

நோயாளியை விலக்கினால்தான் ஊர் பிழைக்கும் என்பாருக்கு நம் சென்னையே விடை தந்துள்ளது. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வறிய வீடுகளில் இருந்தபடியே மருந்துண்டோர் மருத்துவமனையில் தங்கியோருக்கு இணையாகக் குணமடைந்ததையும், அதனால் வீட்டாருக்குத் தனியாகத் தீங்கு நேரவில்லை என்பதையும் 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது.

ஆதலால், ஆண்டுக்கொரு முறை பந்தலிட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, புகைப்படம் எடுத்துக் கலையும் முகாம் நலப்பணி ஆகாது. வேலை நேரத்தில் நடத்தினால் ஒருநாள் கூலியை இழந்து யார் வருவார்? ஞாயிறு மாலையில் அவர்கள் தங்குமிடத்துக்கே நாம் செல்ல வேண்டும். அவர்கள் மொழியைப் பேசுவோர் உடனிருக்க வேண்டும். இந்தி அறிந்த அருள்சகோதரியர் நம்மிடையே இல்லையா? சளிப் பரிசோதனையின் முடிவை நோயாளியிடமே சொல்ல வேண்டும், மேற்பார்வையாளரிடம் அன்று. அரசு இலவசமாகத் தரும் மருந்தை ஆறு மாதமும் அவர் உண்ணத் துணைநிற்க வேண்டும். இடையில் ஊர் திரும்பினால் அங்கே சிகிச்சை தொடரப் பதிவை மாற்றித் தர வேண்டும். அவருடைய வேலையும் இடமும் பறிபோகாதென்று முதலாளியிடம் முன்னரே உறுதி பெறவும் வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில் நோயை மறைப்பதே அவருக்குப் பிழைக்கும் வழியாகிவிடும்.

திருத்தந்தை பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் நாளுக்கான செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒருங்கிணைத்தல் என நான்கு கடமைகளை நம்முன் வைத்தார். பிரித்து ஒதுக்குதல் அவற்றுள் இல்லை. ஆண்டவரும் தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்டே குணமாக்கினார்.

நம் மகனை அயல்நாட்டார் எவ்வாறு நடத்த வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே நம் ஊருக்கு வந்திருக்கும் ஒடிசாத் தாயின் மகனை நாம் நடத்துவோம். அதற்கு மனமில்லையேல், பரிசோதனை என்னும் பேச்சையே விட்டுவிடுவோம்.