கடை வடகமா? வீட்டு வடகமா?

காசு கொடுத்தால் கடையில் கிடைக்காத பொருள் இன்று எது? கூழ்வடகமும் அப்பளமும் உறைகளில் அடைபட்டு வரிசையாகத் தொங்குகின்றன. அலுவலகம் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் தாய்மார் அவற்றை வாங்குவதை நாம் குறை கூற இயலாது. ‘அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தார்கள்’ என்று நாற்காலியில் சாய்ந்தபடி பெருமை பேசுவோரைக் கண்டால்தான் எங்களுக்குச் சற்றுக் கோபம் வருகிறது. அவர்கள் ஒரு நாளாவது அடுப்படியில் நின்று கூழ் கிண்டியதுண்டா?

ஆயினும் வடகத்தை வீட்டில் இடவேண்டும் என்பதே எங்கள் கட்சி. சிக்கனம் கருதி மட்டுமன்று. அதில் அத்தனை அறிவு அடங்கியிருக்கிறது. பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் நன்றாக வெந்து, கூழ் கண்ணாடிபோல் பளபளத்த பின்பே இறக்கவேண்டும். கூழின் ருசிக்குச் சரியாக உப்புப் போட்டால் காய்ந்த வடகம் கரிக்கும். நீர் வற்றிவிடும், உப்பு வற்றாதல்லவா? ஆகையால் பாட்டிமார் ஒரு மாற்றுக் குறைவாகவே போடுவார்கள். நன்கு காய்ந்த வடகத்தில் பூஞ்சணம் பிடிக்காது. உள்ளே எஞ்சியிருக்கும் துளி ஈரந்தான், சுடும் எண்ணெயில் நீராவியாகி வடகத்தைப் பொரியச் செய்கிறது. வடகம் காயும் பழைய வேட்டியின் பின்புறத்தில் நீர் தெளித்தால் அது உடையாமல் உரிந்து வரும். ஆவியாதலைப் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கும் நாங்கள், மொட்டைமாடியில் காயும் அதே பாடத்தைப் பார்ப்பதில்லை.

ஏனெனில் வடகத்துக்கேற்ற வெயில் வருவதும் பங்குனியில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருவதும் பங்குனியில். “மேலே வராதே, போய்ப் படி” என்கிறார்கள். பாட்டியின் உப்புக் கணக்கோ எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. அண்ணன் தம்பிமாருக்குத் தேர்வு இல்லாத ஆண்டிலும் காக்கை விரட்டுவதோடு சரி!

இஃது அற்ப வேலையும் அன்று. 1959ஆம் ஆண்டு பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டுக் கொடுத்துக் கூலி பெறும் பெண்கள் அதில் பல்லாயிரவர். அவ்வெழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட் அம்மையாருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே வேலையை நம் அம்மா செய்தால் மட்டும், ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்பது என்ன கணக்கு?

தேர்வு முடிந்த பின்னும் சித்திரை வெயில் மீதமிருக்கும். உப்பின் அளவை எழுதிக்கொள்ள ஒரு பழைய நோட்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம். முறுக்குக் குழலில் கூழைப் பிழியக் கையில் நல்ல வலு வேண்டும். அதற்குத் தம்பிமாரை அழைப்பதாக இருக்கிறோம்.